அப்பறம் சாமி காட்டிய கொடி

சாமியார்களில் வாயைத் திறக்காமலே பெயர் வாங்கியவர்கள் உண்டு. மணிக்கணக்கில் பேசிப் பெயர் வாங்கியவர்கள் அதைவிட ஜாஸ்தி. ஒரே ஒரு வார்த்தையை வைத்துக்கொண்டு ஆயுசு முழுக்கச் சாமியாராக இருந்தவர் இந்த உலகத்திலேயே ஒருவர்தான். கடலூருக்கும் சிதம்பரத்துக்கும் நடுவே, ரயில் பாதை ஓரத்து ஆஸ்பெஸ்டாஸ் கொட்டகையில் இருந்தார். அந்த வார்த்தை, "அப்பறம்?"

பெற்றவர்கள் வைத்த பெயர் ஒன்று இருந்திருக்கும். அது அவருடைய ரேஷன் கார்டுக்கு மட்டும்தான் தெரியும். எங்களுக்கெல்லாம் அவர் அப்பறம் சாமி.

அவர் இமயமலைக்குப் போகவில்லை. எந்தக் குருவிடமும் பாடம் கேட்கவில்லை. ரயில்வே கேட் கீப்பராக இருந்தார், அவ்வளவுதான். கேட் மூடினால் திறக்கக் குறைந்தது பத்து நிமிடம் ஆகும். பைக்கை நிறுத்திவிட்டு நிழலுக்கு ஒதுங்குகிறவர் சும்மா இருப்பாரா? "என்னா வெயிலு" என்று ஆரம்பிப்பார். இவர், "அப்பறம்?" என்பார். "நெல்லு காயிது." "அப்பறம்?" "தண்ணி பாய்ச்ச புள்ள வரமாட்டேங்கறான்." "அப்பறம்?" "மருமவ வந்ததுலேருந்துதாங்க இப்புடி." அதற்குள் ரயில் போய்விடும், கேட் மேலே போய்விடும், சொல்லிக்கொண்டிருந்தவர் மட்டும் நகரமாட்டார். பின்னால் லாரிக்காரர் ஹாரன் அடித்துப் பார்த்து, இறங்கி வந்து, "யோவ், ஒன் மருமவ கதைய அந்தாண்ட போயி சொல்லுய்யா!" என்று கத்துவார். இவர் அந்த லாரிக்காரரையும் நிமிர்ந்து பார்த்து, "அப்பறம்?" என்பார். கொஞ்ச நேரத்தில் லாரிக்காரரும் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, தன் மச்சினன் செய்த துரோகத்தைச் சொல்லிக்கொண்டிருப்பார்.

பிறகு அங்கே சுரங்கப்பாதை வந்தது. கேட்டை எடுத்துவிட்டார்கள். இவரும் ரிட்டயர் ஆனார். ஆனால் மக்கள் சுரங்கப்பாதையில் போகாமல் இவரைத் தேடி மேலே வந்தார்கள். யாரோ ஒரு அம்மா விபூதித் தட்டு வைத்தார். யாரோ ஒருவர் நடராசர் படம் மாட்டினார். பௌர்ணமிக்குப் பண்ருட்டியிலிருந்தும் நெய்வேலியிலிருந்தும் வேன் வர ஆரம்பித்தது. தான் சாமியார் ஆகிவிட்டது அவருக்கே கடைசியாகத்தான் தெரியும் என்பார்கள்.

பழைய வேலையில் ஒரு பழக்கத்தை மட்டும் அவர் விடவில்லை. ரிட்டயர் ஆனபோது கொடிகளைத் திருப்பிக் கொடுத்துவிட்டார். உடனே டெய்லரிடம் போய் அதே அளவில் பச்சையில் ஒன்று, சிவப்பில் ஒன்று தைத்துக்கொண்டார். வந்தவர் மனதில் இருப்பதை எல்லாம் கொட்டித் தீர்த்துவிட்டால் பச்சைக்கொடி காட்டுவார். அதுதான் ஆசீர்வாதம், போகலாம். உள்ளே இன்னும் ஏதோ மிச்சம் வைத்திருக்கிறார் என்று தோன்றினால் சிவப்பு. உட்கார வேண்டும்.

"ஒரு உபதேசம் பண்ணுங்க சாமி" என்று யாராவது காலைப் பிடித்தால் படத்தைக் காட்டுவார். "நடராசரப் பாரு. ஒத்தக் கால்ல நிக்கிறாரு. அவுங்கவுங்க வந்து அவுங்கவுங்க கதைய சொல்றாங்க. எல்லாத்தயும் கேட்டுக்கிட்டு ஆடிக்கிட்டு இருக்காரே தவிர, நடுவுல பூந்து ஒரு வார்த்த பேசறாரா? அவுரே பேசல. நான் என்னாத்த பேசறது?"

ஒருமுறை அண்ணாமலை நகரிலிருந்து ஒரு ரிட்டயர்டு பேராசிரியர் இவரைச் சோதிக்க வந்தார். "பிரம்மம் என்றால் என்ன?" என்று கேட்டார். சாமி, "நீங்களே சொல்லுங்க சார்" என்றார். பேராசிரியர் விடுவாரா? இரண்டு மணி நேரம் விளக்கினார். "அப்பறம்?" மறுநாள் குறிப்பு நோட்டோடு வந்தார். "அப்பறம்?" மூன்றாம் நாள் நோட்டு முடிந்துபோய், ஞாபகத்தில் இருந்ததும் முடிந்துபோனது. நான்காம் நாள் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "அப்பறம் ஒன்னும் இல்ல சாமி" என்றார். சாமி பச்சைக்கொடியை ஆட்டி, "அப்பாடா! டீ சாப்புடறீங்களா?" என்று கேட்டார். அதன் பிறகு அந்தப் பேராசிரியர் தினமும் டீக்கு மட்டும் வந்தார்.

பரங்கிப்பேட்டை பாய் ஒருவர், சவுதியிலிருந்து லீவில் வந்தவர், காரை நிறுத்திவிட்டுத் தயங்கித் தயங்கி வந்தார். காக்கா என்று அவர் சொன்னது அவருடைய அண்ணனை.

"சாமி, மந்திரம் தாயத்தெல்லாம் எனக்கு வேணாம். சும்மா பேசிட்டுப் போலாம்னு வந்தேன்."

"அப்பறம்?"

"காக்கா என் எடத்துல அர அடி உள்ள வந்து செவுரு எழுப்பிட்டாரு."

"அப்பறம்?"

"கோர்ட்டுக்குப் போறேன். ஜெயிச்சிருவேன்."

"அப்பறம்?"

"செவுத்த இடிப்பேன்."

"அப்பறம்?"

"அப்பறம் என்னா? செவுரு போச்சுன்னா அந்தாண்ட காக்கா ஒக்காந்து சோறு திங்கறது இங்கேருந்து தெரியும்."

"அப்பறம்?"

பாய் கையிலிருந்த கார் சாவியைத் தரையில் வைத்தார். "காக்கா வூட்டுச் சோறு தின்னு ஒரு வருசம் ஆவுது சாமி" என்றார். பச்சைக்கொடி.

சாமிக்குக் கடன் வேண்டுமா என்று கேட்டு ஒரு பெண் போன் செய்தது. "அப்பறம்?" என்றார். அந்தப் பெண் வட்டி, தவணை எல்லாம் சொன்னது. "அப்பறம்?" முக்கால் மணி நேரம் கழித்து அது தன் மேனேஜர் திட்டுவதைச் சொல்லி அழுதுகொண்டிருந்தது. அதன் பிறகு சனிக்கிழமை தவறாமல் போன் வரும். கடனைப் பற்றி இரண்டு பேரும் மறந்தே போனார்கள்.

இப்போது நான் வருகிறேன். வராமல் இருக்கத்தான் எனக்கு இஷ்டம். ஆனால் நான் வராமல் இந்தக் கதை முடியாது.

அண்ணாமலை நகரில் மாணவர் விடுதிகளுக்கு எதிரே, ஆய்வேடு டைப் அடித்துக் கொடுக்கும் கடை வைத்திருக்கிறேன். படிப்பு பத்தாவது, கூடவே டைப்ரைட்டிங் ஹையர். என் விரல்கள் வழியாகப் போய் டாக்டர் ஆனவர்கள் ஏராளம். விரல்கள் மட்டும் அப்படியே இருக்கின்றன.

எனக்குப் பேச வராது. ஊமை இல்லை, பேச வேண்டிய நேரத்தில் தொண்டையில் கேட் மூடிக்கொள்ளும். எல்லாவற்றுக்கும் "ம்" தான். கல்யாணத்தில் ஐயர் மந்திரத்தைத் திருப்பிச் சொல்லச் சொன்னபோதும் "ம்" என்றுதான் சொன்னேன். அவரும் முகூர்த்தம் தப்பிவிடும் என்று அதை ஏற்றுக்கொண்டார்.

என் மனைவி செல்வி இந்த "ம்"மோடு பதினெட்டு வருடம் குடித்தனம் செய்தாள். அப்புறம் ஒருநாள் அவளுக்கு வயிற்றில் கட்டியோ என்று சந்தேகம் வந்து, கடலூரில் ஸ்கேன் எடுத்தோம். ரிசல்ட் வாங்க அவளே போனாள். சாயங்காலம் நேராகக் கடைக்கு வந்து, "ஒன்னும் இல்லன்னு சொல்லிட்டாங்க" என்றாள். நான் "ம்" என்றேன். டைப் அடிப்பதைக்கூட நிறுத்தவில்லை.

"இருந்தாலும் ம், செத்தாலும் ம்மா? ஒங்களுக்கு எதுக்குங்க பொண்டாட்டி? ஒரு செவுரு போதும்" என்றாள். மறுநாள் காலை முதல் பஸ்ஸில் காடாம்புலியூருக்கு, அவள் அம்மா வீட்டுக்குப் போய்விட்டாள்.

கோயம்புத்தூரில் ஹாஸ்டலில் படிக்கும் மகள் போன் செய்து, "அப்பா, அம்மாகிட்ட ஒரு வார்த்த பேசுங்கப்பா, வந்துருவாங்க" என்றாள். "ம்" என்றேன். செல்விக்குப் போன் செய்தேன். "அலோ" என்றாள். "ம்" என்றேன். வைத்துவிட்டாள். இப்படியே இரண்டு மாதம் ஆனது. அவளைப் பேசி அழைத்து வர வேண்டும். பேசினால்தான் வருவாள். எனக்கோ பேச வராது. சோற்றை நானே வடித்துக்கொண்டு, குழைந்ததா இல்லையா என்று சொல்லக்கூட ஆளில்லாமல் தின்றுகொண்டிருந்தேன்.

அந்தச் சமயத்தில்தான் அப்பறம் சாமி மன்றத்தின் தலைவர் கடைக்கு வந்தார். ரைஸ்மில் முதலாளி, மில் ஓடாதபோதும் மில் சத்தத்துக்கு மேல் பேசுகிறவர்.

"தம்பி! சாமிக்கு எம்பது வயசு ஆவுது! வாழ்வும் வாக்கும்னு ஒரு பொஸ்தகம் போடறோம்! நீதான் போயி ஒக்காந்து கேட்டு, எழுதி, அடிச்சுக் குடுக்கணும்! வாழ்வு அம்பது பக்கம், வாக்கு நூறு பக்கம்!"

முடியாது என்று சொல்லவும் பேச வேண்டுமே. "ம்" என்றேன்.

போய் உட்கார்ந்தேன். நான் கேள்வி கேட்க வேண்டும், கேட்க வரவில்லை. அவருக்கோ ஒரு கேள்வியைத் தவிர வேறு எதுவும் வராது.

"அப்பறம்?"

"ம்."

"அப்பறம்?"

"ம்."

எப்பேர்ப்பட்ட ஆளையும் பேசவைத்தவர் என்னிடம் திணறினார். தினமும் கடைசியில் எனக்குச் சிவப்புக்கொடிதான். மற்றவர்கள் வந்து கொட்டிவிட்டு, பச்சை வாங்கிக்கொண்டு போய்க்கொண்டே இருப்பார்கள். பேராசிரியர் டீ குடித்துவிட்டு, "இன்னுமா பாஸ் ஆவல?" என்று என்னைக் கேட்டுவிட்டுப் போவார். தலைவர் வந்து, "எத்தினி பக்கம் ஆச்சு?" என்பார். நோட்டைத் திருப்பிக் காட்டுவேன். "வெத்துத் தாளு!" என்று அலறுவார்.

பன்னிரண்டாம் நாள் கூட்டம் இல்லை. எதிரே தண்டவாளத்தில் சரக்கு ரயில் ஒன்று போனது, நீளமாக, முடியவே முடியாமல். அந்தச் சத்தத்தில் யாருக்கும் கேட்காது என்ற தைரியத்தில், "வூட்ல இல்ல சாமி. ஊருக்குப் போயிட்டாங்க" என்றேன். அவர் காதில் அது விழுந்துவிட்டது.

"அப்பறம்?"

"வரமாட்டேங்கறாங்க."

"அப்பறம்?"

"எனக்குப் பேச வரல."

இந்த மூன்று வாக்கியத்துக்கு ஒரு மணி நேரம் ஆனது. அவர் கொடியை எடுக்கவில்லை. பெரிய பாறையைப் புரட்டியவர் மாதிரி மூச்சு வாங்கினார். அப்புறம், எனக்குத் தெரிந்து ஆயுசிலேயே ஒரே தடவையாக, ஒருவருக்கு யோசனை சொன்னார்.

"இந்தாப்பா. நீ பேசப் போவாத. அது ஒன்னால ஆவாது. கேக்கப் போ. என் வார்த்தய வேணா எடுத்துட்டுப் போ."

மறுநாள் வடலூரில் பஸ் மாறிக் காடாம்புலியூரில் இறங்கினேன். பலாப்பழ சீசன். வாசலில் என் மச்சான், செல்வியின் தம்பி, கைக்கு எண்ணெய் தடவிக்கொண்டு பழம் அறுத்துக்கொண்டிருந்தான். "வாங்க மாமா, கையெல்லாம் பாலு" என்றான். செல்வி முற்றத்தில் முந்திரிக்கொட்டை காயப்போட்டுக்கொண்டிருந்தாள். நிமிரவில்லை.

"எதுக்கு வந்தீங்க?"

"ம்" உதட்டு வரைக்கும் வந்துவிட்டது. விழுங்கினேன். சாமியை நினைத்துக்கொண்டு, "அப்பறம்?" என்றேன்.

"என்னாது, அப்பறமா? இதுக்கு முன்னாடி என்னா பேசினீங்க, அப்பறம் கேக்கறதுக்கு?"

அந்த வார்த்தைக்கு முன்னால் ஏதாவது ஒன்று வேண்டும் என்பதைச் சாமி சொல்லித் தரவில்லை. திரும்பிப் போகிற பஸ் எத்தனை மணிக்கு என்று யோசிக்க ஆரம்பித்தேன். ஆனால் செல்வியிடம் அந்த முன்கதை நிறைய இருந்தது.

"கேக்கறாரு பாரு அப்பறம்னு! கல்யாணம் ஆயி மொதோ தீவாளிக்கி இதே வூட்ல எங்கப்பா, சட்ட புடிச்சிருக்கா மாப்ளன்னு கேட்டாரு. ம்னு சொன்னீங்க. புடிக்கலபோலன்னு அவுரு இன்னொரு சட்ட எடுத்தாந்தாரு. அதுக்கும் ம்!"

"அப்பறம்?"

"அப்பறம் என்னா, மூணாவது சட்டைக்கும் ம்முதான்!"

மச்சான் சிரித்த சிரிப்பில் கத்தி வழுக்கியது, நல்ல வேளையாகக் கை தப்பியது. செல்வி தீபாவளியிலிருந்து வளைகாப்புக்கு வந்தாள், வளைகாப்பிலிருந்து வாடகை வீடு மாறியதற்கு வந்தாள். நான் "அப்பறம்?" என்றேன். நடுவில் நான் மூச்சு விட்ட நேரத்தில் மச்சான் தன்னை அறியாமல், "அப்பறம்க்கா?" என்றான். பதினெட்டு வருடத்தையும் தாண்டி, அவள் ஸ்கேன் ரிசல்ட் வாங்கிய நாளுக்கு வந்து நின்றாள். குரல் இறங்கிவிட்டது.

"ஒன்னும் இல்லன்னு சொன்னதும் ரெண்டு பஸ்ஸ உட்டுட்டு கடலூர் பஸ் ஸ்டாண்டுல ஒக்காந்துட்டேன். ரெண்டு கொய்யாப்பழம் வாங்கனேன். என்னுத பஸ்ஸுலயே தின்னுட்டேன். ஒங்களுத கட வரைக்கும் கையிலயே புடிச்சிட்டு வந்தேன். நீங்க ம்னு சொன்னீங்க. திரும்பிப் போற வழியில அதயும் நானே தின்னுட்டேன்."

எனக்கு "அப்பறம்" வரவில்லை. சிதறிக் கிடந்த முந்திரிக்கொட்டையைப் பொறுக்கி மற்றதோடு போட்டேன். செல்வி மூக்கை உறிஞ்சிக்கொண்டு, முதல் தடவையாக என்னை நேராகப் பார்த்தாள்.

"ஒங்களுக்கு என்னா? அன்னிக்கும் அடிச்சிக்கிட்டுதானே இருந்தீங்க. அப்பறம்?"

அவள் சாதாரணமாகத்தான் கேட்டாள். என் தொண்டையில் இருந்த கேட் மேலே போனது.

"அது தப்பு தப்பா அடிச்சிட்டேன் செல்வி" என்றேன். "மீனவர் வழக்கத்தப் பத்தி ஒரு பையன் ஆய்வேடு. மீன் பேரு லிஸ்ட்டு. நீ ரிசல்ட் வாங்கப் போன நேரத்துலேருந்து அந்த ஒரு பக்கத்தயே அடிக்கறேன். முடிச்சுக் குடுத்துட்டேன். பத்து நாள் கழிச்சு அந்தப் பையன் வந்து, அண்ணா, செல்வின்னு ஒரு மீனு இருக்குதா, எங்க சாரு வட்டம் போட்டுட்டாருங்கறான்."

செல்வி புரியாமல் பார்த்தாள்.

"ஒம் பேர அடிச்சிருக்கேன். எனக்கே தெரியல. வஞ்சிரம், செல்வி, வவ்வால், சங்கரான்னு இருக்கு."

மச்சான் அறுப்பதை நிறுத்திவிட்டான். செல்வி இடுப்பில் கையை வைத்துக்கொண்டாள்.

"மீனு லிஸ்ட்டுல என்ன சேத்துட்டீங்களா?"

"ம்... ஆமா."

"எந்த மீனுக்கு அடுத்தாப்புல போட்டீங்க?"

"வஞ்சிரத்துக்கு அடுத்து."

கொஞ்சம் யோசித்தாள். "மத்திக்கு அடுத்து போட்டிருந்தீங்க, நான் வந்திருக்கவே மாட்டேன்" என்று சொல்லிவிட்டுப் பையை எடுக்க உள்ளே போனாள்.

பஸ்ஸில் மடியில் ஒரு பலாப்பழத்தோடு வந்தோம். வடலூர் வரைக்கும் அவள் பேசினாள். வடலூருக்கு அப்புறம் நான் ஒரு ஐந்து நிமிடம் பேசினேன்.

அந்தச் சந்தோஷத்தில், கொட்டகையில் உட்கார்ந்து பார்த்ததையும் கேட்டதையும் வைத்தே புத்தகத்தை நாலே நாளில் அடித்து முடித்துவிட்டேன். அங்கேதான் தப்பு நடந்தது. வாழ்நாளில் நான் ஆய்வேட்டைத் தவிர வேறு எதையும் அடித்ததில்லை. ஒரு புத்தகம் என்றால் அது எப்படித் தொடங்க வேண்டும், எப்படி முடிய வேண்டும் என்று என் விரல்களுக்குத் தெரிந்தது அந்த ஒரு வழிதான். தலைவர் அதைப் பிரித்துப் பார்க்காமலே அச்சுக்குக் கொடுத்துவிட்டார்.

விழா அன்று கொட்டகை முன்னால் ஆயிரம் பேர் இருப்பார்கள். தலைவர் மைக்கைப் பிடித்து முதல் பக்கத்தைச் சத்தமாக வாசித்தார். "உறுதிமொழி! அப்பறம் சாமி ஆகிய எனது இவ்வாழ்க்கை, என் நெறியாளரின் மேற்பார்வையில் நிகழ்ந்தது என்றும், இதற்கு முன் வேறு எந்தப் பட்டத்திற்கும் அளிக்கப்படவில்லை என்றும் உறுதி கூறுகிறேன்!"

தலைவர் புத்தகத்தின் அட்டையைத் திருப்பிப் பார்த்தார். கூட்டம் அதை ஏதோ பெரிய தத்துவம் என்று நினைத்துக் கை தட்டியது. டீக்கு வந்த பேராசிரியர் மட்டும் துண்டால் வாயைப் பொத்திக்கொண்டார்.

தலைவர் அவசர அவசரமாகப் பக்கங்களைத் தள்ளினார். ஆய்வின் நோக்கம் இருந்தது, ஆய்வின் எல்லை இருந்தது, அதில் கொட்டகைக்கு இந்தப் பக்கம் தண்டவாளம், அந்தப் பக்கம் புளியமரம் என்று எழுதியிருந்தது. நூறு பக்கம் வர வேண்டிய வாக்கு என்ற இயலில் ஒரு பக்கம், அந்தப் பக்கத்தின் நடுவில் ஒரே வார்த்தை.

"எங்கய்யா அவன்?" என்று ரைஸ்மில் முழங்கியது.

நான் செல்விக்குப் பின்னால் ஒளிந்துகொண்டேன். ஆனால் மேடையில் சாமி சிரித்துக்கொண்டிருந்தார். சத்தமே இல்லாமல், தோள் குலுங்கக் குலுங்க, மடியில் இருந்த கொடிகள் கீழே விழும் அளவுக்கு. கையைக் காட்டி என்னை மேலே கூப்பிட்டார்.

"உண்மதான்பா. நான் எந்தப் பட்டத்துக்கும் குடுக்கல" என்றார். புத்தகத்தை வாங்கி முதல் பக்கத்தின் அடியில் விரலை வைத்தார். "இங்க நெறியாளர் கையொப்பம்னு கோடு போட்டு உட்டுருக்கியே. அது யாரு?"

"வழி காட்டினவரு, சாமி."

அவர் திரும்பி நடராசர் படத்தை மேலும் கீழும் பார்த்தார். "நாலு கை இருக்கு. ஒன்னுலயும் பேனா இல்லயே" என்றார்.

கூட்டம் சிரித்து அடங்கியதும், குனிந்து கீழே கிடந்த பச்சைக்கொடியை எடுத்தார். செல்வியை ஒரு பார்வை பார்த்தார். எனக்கு நேராக ஆட்டினார். எனக்குக் கிடைத்த முதல் பச்சைக்கொடி அது. பேராசிரியர் கீழேயிருந்து, "பாஸ்!" என்று கத்தினார்.

இரண்டு வருடம் கழித்து அவர் படுத்தார். கடலூரில் ஒரு ஆஸ்பத்திரியில் வைத்திருந்தார்கள். ஒரு மத்தியானம் நானும் செல்வியும் கொய்யாப்பழம் வாங்கிக்கொண்டு போனோம். செல்வி நர்ஸோடு பேசப் போய்விட்டாள். அவருக்குப் பேச முடியவில்லை. அந்த ஒரு வார்த்தையும் வரவில்லை. அதனால் நானே பேசினேன். கடையைப் பற்றிச் சொன்னேன். இப்போதெல்லாம் பிள்ளைகள் ஆய்வேட்டைப் போனிலேயே அடித்துக்கொள்வதைச் சொன்னேன். மகளுக்கு வேலை கிடைத்ததையும், செல்வி இன்னும் கோபம் வந்தால், "வஞ்சிரத்துக்கு அடுத்துன்னு சொன்னது நெசந்தானா?" என்று கேட்பதையும் சொன்னேன். அவர் கண்ணை மூடாமல் கேட்டுக்கொண்டிருந்தார்.

நர்ஸ் வந்து, "சார், டைம் ஆயிடுச்சு, கெளம்புங்க" என்றார். நான் எழுந்தேன்.

சாமியின் கை தலையணைக்கு அடியில் தடவியது. பச்சைக்கொடி வரப்போகிறது என்று நினைத்து, வாங்கிக்கொள்ளக் கும்பிட்டேன். வந்தது சிவப்பு.

"என்னங்க தாத்தா, எதுக்கு இந்தத் துணி?" என்று நர்ஸ் கேட்டார். நான் மறுபடி உட்கார்ந்துவிட்டேன்.

அவர் போனபோது பச்சையை அவரோடு வைத்து அனுப்பினார்கள். சிவப்பு என்னிடம் இருக்கிறது, கடையில், கீபோர்டுக்குப் பக்கத்தில். அதனால்தான், பேச வராத ஒரு ஆள் உங்களிடம் இவ்வளவு நேரம் பேசிக்கொண்டிருக்கிறேன்.